வலிக்கல சார்

என் வலது காலில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. மற்ற இரண்டும் சர்க்கரை நோயால் போயின என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஒரு பிரெஞ்சுக்காரன் மேல் எனக்கிருந்த பொறாமையையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அதற்கு அந்தச் சீட்டில் இடமில்லை என்பதால் நானே எழுதுகிறேன். சர்க்கரை உள்ளவர்கள் யாராவது படித்துவிட்டு இன்று ராத்திரி தங்கள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

என் பெயர் ஏழுமலை. அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். வயது ஐம்பத்திரண்டு. காலேஜில் மூன்று வருடம், மாவட்ட அணியில் நான்கு வருடம் ஃபுட்பாலில் ஸ்டாப்பர் ஆடியவன். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, வருகிறவனை மேலே போகவிடாமல் மறிப்பவனுக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர். யூனிவர்சிட்டி அணியில் ஒரு வருடம் மாற்று ஆளாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் ஆட்ட வாழ்க்கை அவ்வளவுதான், இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

என் கிரவுண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓடும்போது யார் விழுந்தாலும் எழுந்து நின்று, "வலிக்கல சார்" என்று மூன்று முறை சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் தண்ணீர், பேண்டேஜ் எல்லாம். இருபத்தாறு வருடமாக இதுதான் என் முறை. என் மகள் நிவேதா ஆறு வயதில் முட்டி கிழிந்து ரத்தம் ஒழுக ஒழுக அதைச் சொன்னவள். இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளும் ஸ்டாப்பர்தான்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. மாடி அறையை வாடகைக்கு விடுவோம். போன மார்கழியில் எத்தியேன் என்ற பிரெஞ்சுக்காரர் வந்து சேர்ந்தார். நாற்பது வயசு இருக்கும். உயரம், மொட்டைத் தலை, அதிகம் பேசமாட்டார். தினமும் விடியற்காலையில் அண்ணாமலையைக் கிரிவலம் சுற்றிவிட்டு வருவார். வந்து ஒரு மாதம் வரைக்கும் அவரால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

பக்கத்துக் காலி மனையில் நிவேதா பந்து தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பந்து மாடிக்குப் போயிற்று. எத்தியேன் அதை நெஞ்சில் வாங்கி, காலில் இறக்கி, அவள் நின்ற இடத்துக்கே திருப்பி அனுப்பினார். அவ்வளவுதான். அன்று சாயந்திரமே மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ப்பா, இவரு ப்ளேயர்பா. நெஜ ப்ளேயர். பதினஞ்சு வருஷம் ஆடியிருக்கார். உன்ன மாதிரியே ஸ்டாப்பர்."

போனில் மழை பெய்துகொண்டிருந்தது. தலை நிறைய முடியோடு இளைஞனாக எத்தியேன் கோல் கோட்டின் மேல் சறுக்கி விழுந்து, உள்ளே போக இருந்த பந்தை வெளியே தள்ளினார். ஸ்டேடியம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அப்படியே எரிந்தது.

அதன் பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர் வரலாறுதான். வடக்கே ஏதோ துறைமுக ஊரில் பிறந்தாராம். பதின்மூன்று வயதில் ஒரு கிளப் அவரை எடுத்து, தங்க இடமும் படிப்பும் கொடுத்து வளர்த்ததாம். பெரும்பாலும் இரண்டாம் டிவிஷன், ஒரே ஒரு சீசன் முதல் டிவிஷன், மொத்தம் ஐந்து கிளப். கிளப்பில் பூட்ஸ் கழுவ ஓர் ஆள். கால் நகம் வெட்டிவிட, காய்ப்பு சுரண்டிவிட என்றே படித்த ஓர் ஆள். மாவட்ட மேட்சுக்கு நான் இன்னொருத்தன் பூட்ஸைக் கடன் வாங்கி, ஒரு சைஸ் சின்னதில் காலைத் திணித்து ஆடியவன்.

"நகம் வெட்டக்கூடத் தெரியாதா அந்த ஆளுக்கு?" என்றேன்.

என் மனைவி சாந்தி சிரித்தாள். "என்னாங்க, இதுக்கெல்லாமா பொறாமப்படுவாங்க?"

"யாருக்குப் பொறாம?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன். எனக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை உண்டு, ஞாபகம் வந்தால் போடுவேன்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை நிவேதா சும்மா இருக்காமல் சொன்னாள். "அங்கிள் வெளிநாட்டுக்காரரு, தெனம் செருப்பில்லாம மலைய சுத்தறார். இந்த ஊர்லயே பொறந்துட்டு நீ எப்பப்பா கடைசியா சுத்தன?"

மறுநாள் காலை பதினோரு மணிக்கு நான் மாடிக்குப் போய் எத்தியேனைக் கூப்பிட்டேன். வெயில் ஜாஸ்தி, விடியற்காலையில் போகலாமே என்று அவர் கெஞ்சினார். அவர் பேசுவது இங்கிலீஷ், நடுவில் நாலு தமிழ் வார்த்தை போடுவார். நான் புரிந்துகொண்டதைத் தமிழில் எழுதுகிறேன். நாங்கள் இந்த ஊர்க்காரர்கள், எங்களுக்கு வெயில் கணக்கில்லை என்று சொல்லி, என் செருப்பையும் வாசலிலேயே விட்டுவிட்டு இழுத்துக்கொண்டு போனேன்.

நடக்க ஆரம்பித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். எத்தியேன் குதித்துக் குதித்து நடந்தார். மர நிழல் கண்ட இடத்தில் ஓடிப்போய் நின்றார். ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேல் அடி வைத்து நடந்து பார்த்தார். எனக்கோ சுடவே இல்லை. வேண்டுமென்றே நடு ரோட்டில், கரேலென்ற தாரின் மேல், கையை வீசிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில், அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை முன்னால் அவர் உட்கார்ந்துவிட்டார். குடத்துத் தண்ணீரை வாங்கிக் காலில் ஊற்றிக்கொண்டார்.

டீக்கடை அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "இந்த வெயில்ல அசராம நடக்கறீங்களே. ஒங்களுக்கு அவன் அருள் இருக்குதுங்க."

நான் அதை நம்பினேன். பதினைந்து வருடம் பணம் வாங்கி ஆடிய கால் அங்கே தண்ணீரில் கிடக்கிறது, என் கால் மலையைச் சுற்றப் போகிறது என்று நினைத்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு மீதி தூரத்தை நான் தனியாகவே நடந்து முடித்தேன்.

சாயந்திரம் பார்த்தால் வலது பாதத்தின் முன்பக்கம் இரண்டு பெரிய கொப்புளம். தொட்டால் வலியில்லை. ஊக்கால் குத்தி நீரை வடித்து, மஞ்சளைக் குழைத்துப் பூசி, சாக்ஸ் போட்டுக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அந்த வெற்றி போய்விடும் அல்லவா? கேன்வாஸ் ஷூவுக்குள் அந்தக் காலை வைத்து ஐந்து நாள் பள்ளிக்கூடம் போனேன்.

ஆறாம் நாள் குளிர்க் காய்ச்சல். சாந்தி சாக்ஸைக் கழற்றினாள், உடனே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பிறகு, பொத்தியதை நான் பார்த்துவிட்டேனே என்று கையை எடுத்துவிட்டாள். அவள் கையை எடுத்ததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. எத்தியேன் மாடியிலிருந்து இறங்கி வந்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். அந்தக் காய்ச்சலிலும் அவர் கையின் பலத்தைப் பார்த்து எரிச்சல்பட்டேன்.

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சுகர் நானூறைத் தாண்டியிருந்தது. மூன்று மாத சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. முதல் நாள் பத்தியம் இருந்துவிட்டுப் போய் அதை ஏமாற்ற முடியாது. அதில் என் வண்டவாளம் எல்லாம் வந்துவிட்டது. எலும்பு வரை சீழ் போயிருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே. பாதத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க டாப்ளர். ஒரு கருவியைக் காலில் வைத்துத் தேய்க்க, உள்ளே ரத்தம் ஓடுவது உஸ் உஸ் என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் நல்லது என்றார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது எதிரே இருந்தவர்களின் கால்களை எண்ணினேன். ஒற்றைப்படையில் வந்தது.

டாக்டரம்மா சின்ன வயசு, ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவர். "ரெண்டு வெரல்ல எலும்பே அழுகிருக்கு. அத எடுத்துத்தான் ஆகணும். அதோட நிக்குதா, பாதம் வரைக்கும் ஏறுதானு ரெண்டு மூணு நாள்ல தெரியும். ஏறுச்சுன்னா கணுக்காலுக்கு மேல எடுக்க வேண்டி வரும்."

சாந்தி அன்றே என் ஷூ இரண்டையும் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கட்டிலுக்கு அடியில் ஜோடியாக அவை இருப்பதை நான் பார்க்கக்கூடாதாம். கேட்டால், "இங்க தூசிங்க" என்றாள். ஆசிரியர் காப்பீடு இருந்ததால் பில்லைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. கவலைப்பட வேறு இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் நிவேதாவுக்கு மாநில அணிக்கான தேர்வு. நான் கூட்டிப்போவதாக ஒரு வருடமாகச் சொல்லி வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் சோதனை நடந்தது. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் நூலை உள்ளங்காலில் பத்து இடத்தில் தொடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்தால் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். இதைவிட எளிய பரீட்சை உலகத்தில் இல்லை. ஆனால் அறையில் நிவேதாவும் எத்தியேனும் நின்றிருந்தார்கள்.

"தெரியுது" என்றேன். கொஞ்ச நேரம் விட்டு, "தெரியுது" என்றேன். குரலைக் கணீரென்று வைத்து மூன்றாம் முறையும் சொன்னேன்.

"சார், நான் இன்னும் தொடவே இல்ல" என்றார் டாக்டரம்மா.

கண்ணைத் திறந்தேன். நூல் அவர் கையில்தான் இருந்தது. நிவேதா சுவரைப் பார்த்தாள். மறுபடி கண்ணை மூடச் சொன்னார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. முடிந்துவிட்டதா என்று கடைசியில் நானே கேட்டேன். பத்து இடமும் தொட்டாகிவிட்டது என்றார்.

"சுகர் ரொம்ப நாள் ஜாஸ்தியாவே இருந்தா, கால் நரம்பெல்லாம் மெல்ல செத்துடும் சார். சூடு, முள்ளு, காயம், எதுவும் தெரியாது. வலிங்கறது வீட்டுக்கு வாட்ச்மேன் மாதிரி. ஒங்களுக்கு அவன் வேலய விட்டுப் போயி ரெண்டு வருஷமாவது இருக்கும்."

அப்படியென்றால் அன்று நடு ரோட்டில் நடந்தது? அருளும் இல்லை, உரமும் இல்லை. வேகிற கறிக்கு வேகிறது தெரியாத மாதிரி நடந்திருக்கிறேன்.

வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சாந்தி நிவேதாவை அழைத்துக்கொண்டு சாப்பிடப் போனாள். எத்தியேன் மட்டும் போகவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, பேண்ட்டை மடித்துவிட்டு, தன் இடது கணுக்காலைக் காட்டினார். இரண்டு பக்கமும் நீளத் தழும்பு. பாதத்தை ஆட்டிக் காட்டச் சொன்னேன். ஆடாது என்றார். எலும்போடு எலும்பை வைத்து ஆணி அடித்து இணைத்துவிட்டார்களாம்.

அவருடைய கடைசி இரண்டு சீசனும் ஊசியில் ஓடினவை. ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் கணுக்காலில் மரத்துப்போக ஊசி. ரசிகர்கள் அவரை இரும்பு என்று கூப்பிட்டார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது; வலி தெரியாததைத் தன் திறமை என்றே நினைக்க ஆரம்பித்தாராம். கடைசி மேட்சில் தோற்றால் கிளப் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். எதிராளி வலது பக்கமிருந்து பந்தைப் போட்டான். எத்தியேன் அடித்து வெளியே தள்ள நினைத்தார். தன் கால் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. பந்து காலில் பட்டுத் தன் கோலுக்குள்ளேயே போயிற்று. கிளப் இறங்கியது. அவர் காலும் அன்றோடு சரி.

"உங்கள் மகளுக்கு அந்த மேட்ச் வீடியோவை நான் காட்டவில்லை" என்றார். பிறகு சொன்னார்: "அன்று ரோட்டில் உங்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது மாஸ்டர். இவ்வளவு நடந்தும் எனக்கு வராத ஏதோ ஒன்று இந்த மனிதருக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாரையும்விட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

நல்ல மனிதன் யாராவது அந்த இடத்தில் அவர் கையைப் பிடித்திருப்பான். நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். அவருக்குக் காலை மரக்கவைக்க டாக்டர் வைத்து ஊசி போட்டார்கள், எனக்கு என் காலே தானாக மரத்துப்போயிருக்கிறது, இதிலும் அவர்தான் ஒரு படி மேல் என்று நினைத்தேன்.

ஆபரேஷனும் வெள்ளிக்கிழமைக்கே முடிவாயிற்று. தள்ளிப்போட முடியாது, காய்ச்சல் இறங்கவில்லை. நிவேதா போகமாட்டேன் என்று அழுதாள். போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் கத்தினேன். பள்ளி வேனில் சுமதி டீச்சரோடு நான்கு பெண்கள் போனார்கள். கூடவே எத்தியேன். ஒரு வருடமாக நான் மனசுக்குள் உட்கார்ந்து பார்த்த அந்த சீட்டில் அவர் உட்கார்ந்து போனார்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தார்கள். ஆளை மயக்குவதில்லை, பேச்செல்லாம் கேட்கும். ஏதோ ஒன்று தட்டில் விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. இரண்டு என்று எண்ணிக்கொண்டேன். மூன்றாவது சத்தம் வந்துவிடுமோ என்று அண்ணாமலையானை நினைத்துக்கொண்டே கிடந்தேன். பாதி பயம் காலைப் பற்றி, பாதி நினைப்பு விழுப்புரத்தில். மூன்றாவது சத்தம் வரவில்லை.

"நின்னுடுச்சு சார். மேல எல்லாம் நல்ல ரத்தம்" என்றார் டாக்டரம்மா.

சாயந்திரம் நிவேதா வந்தாள். நொண்டிக்கொண்டு வந்தாள். கணுக்காலில் பேண்டேஜ். பின்னால் எத்தியேன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். என் கால் கட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"செலக்ட் ஆவல ப்பா."

"ஏன்?"

"மொத பாதி நல்லா ஆடினேன். ரெண்டாம் பாதில கால் திரும்பிடுச்சு. கையத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். அடுத்த மாசம் இன்னொரு ரவுண்டு வெக்கலாம்னு சொல்றாங்க. வெப்பாங்களானு தெரியாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை நாள் பயிற்சி. என் மகள், என் கிரவுண்டில் வளர்ந்தவள், கையைத் தூக்கினாளா?

"வலிக்கலன்னு சொல்லிட்டு ஆடியிருக்கலாம் இல்ல?"

"வலிச்சுதுப்பா."

எத்தியேனைப் பார்த்தேன். அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இது அவருடைய வேலைதான் என்று எனக்குப் பட்டது. கணுக்காலைக் காட்டியிருப்பார், ஊசிக் கதையைச் சொல்லியிருப்பார், இருபத்தாறு வருட வழக்கத்தை ஒரு வேன் பயணத்தில் உடைத்திருப்பார்.

"அங்கிள் சொல்லிக் குடுத்தாரா?"

"அங்கிள் ஒண்ணும் சொல்லல." கட்டுப் போட்ட என் காலின் மேல் கையை வைத்தாள். அவள் கை பட்டது எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "உன் காலப் பாத்துத்தாம்பா வந்துட்டேன்."

அந்தப் பிரெஞ்சுக்காரர் சொல்லித்தராத ஒன்றை என் மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன். நான் ஆசைப்பட்டது அதுதானே? ஜெயித்தாயிற்று. சாந்தி பிளாஸ்கிலிருந்து சர்க்கரையில்லாத காபியை ஊற்றி முதலில் எத்தியேனுக்குக் கொடுத்தாள், பிறகு எனக்கு. நான் வாங்கிக் குடித்தேன்.

பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இன்னும் இரண்டு மாதம் வலது காலை ஊன்றக்கூடாது. தினமும் சாயந்திரம் நிவேதா என் உள்ளங்காலைப் பார்க்கக் கண்ணாடியும் நைலான் நூலும் எடுத்துக்கொண்டு வருவாள். நூலை டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். இடது காலில் இரண்டு இடம் தெரிகிறது. வலது காலில் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொல்கிறேன். ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறாள்.

நேற்றும் எழுதி முடித்துவிட்டு ஓடினாள். அவள் கணுக்கால் சரியாகிவிட்டது, இரண்டாம் ரவுண்டுக்குக் கடிதமும் வந்திருக்கிறது. பக்கத்து மனையில் எத்தியேன் பந்தைப் போடுகிற சத்தமும், அவள் திருப்பி அடிக்கிற சத்தமும், நடுவில் அவள் சிரிப்பதும் கேட்டது. நான் வராந்தாவில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ, சாந்தி உள்ளிருந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்னாங்க, வலிக்குதா?"

வாய் தானாகவே வலிக்கல என்று சொல்லப் போனது. நிறுத்திக்கொண்டேன்.

"வலிக்குது" என்றேன்.

"எங்க? கால்லயா?"

"கால்ல இல்ல."

அவள் என் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நாற்காலியை மெல்ல மனைப்பக்கமாகத் திருப்பிவைத்தாள்.